பின் சீட்டைக் கழற்றி மாட்டும் நான்கு இருக்கை விமானம்: ஒரு நிகழ்வு ஆய்வு

விமானம் செஸ்னா 172என். 1978ஆம் ஆண்டு மாடல், 160 குதிரைத்திறன் லைகாமிங் என்ஜின், நான்கு இருக்கைகள், புறப்படும்போது அதிகபட்ச எடை 2,300 பவுண்டு. முன்னால் தனித்தனியாக இரண்டு சீட், பின்னால் இருவர் உட்காரும் ஒரே பெஞ்ச் சீட். இந்த ஆய்வு அந்தப் பெஞ்சைப் பற்றியது.

உரிமையாளர் பெரும்பாலும் தனியாகத்தான் பறக்கிறார். சில சமயம் பெட்டிகள், கருவிகள், மடக்கு சைக்கிள். சில சமயம் பின்னால் இரண்டு பிள்ளைகள். எங்கள் பட்டறைக்கு வந்தபோது அவர் நான்கு விஷயங்கள் கேட்டார். பெஞ்சைச் சுலபமாகக் கழற்றி மாட்ட வேண்டும். முடிந்தால் அதை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஆளும் மறுபாதியில் சரக்கும் ஏற்ற வேண்டும். முழங்கால் இடிக்காமல் இருக்க மூன்று அங்குலம் பின்னால் தள்ள வேண்டும். கடைசியாக, நசுங்கிப்போன ஃபோமை மாற்றிப் புதிய உறை போட வேண்டும். "ரெண்டு போல்ட்டைக் கழட்டினா கையோட வந்துடுமே, இதுல என்ன இருக்கு?" என்றார்.

முதலாவதையும் நான்காவதையும் செய்தோம். இரண்டாவதையும் மூன்றாவதையும் மறுத்தோம். அவர் கேட்காத ஒன்றைச் சேர்த்தோம். என் கணிப்பில் இந்த வேலையிலேயே அதிகப் பயன் தருவது அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பெஞ்சை வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்ததிலிருந்து வேலை தொடங்கியது. இந்த மாடலில் முன் சீட்டுகளின் பெல்ட்டுகள் தரையில் உள்ள பிடிப்புகளில் மாட்டியிருக்கும். பின் சீட்டின் பெல்ட்டுகள் அப்படியல்ல, அவை பெஞ்சின் உலோகச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டவை. இரண்டு ஓரத்திலும் நாக்குப் பகுதி, நடுவில் இரண்டு பக்கிள்கள். வேகமாக மோதும் விமானத்தில் பின்னால் இருக்கும் இருவரையும் பிடித்து நிறுத்துவது பெல்ட், அந்தச் சட்டம், சட்டத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள், அவற்றுக்குக் கீழே உள்ள தரை அமைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் சங்கிலி. இதில் எந்தக் கண்ணி விட்டாலும் மற்றவை எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 172 சான்று பெற்றது அமெரிக்காவின் பழைய சிஏஆர் 3 விதிகளின்படி. அவசரத் தரையிறக்கத்தில் முன்னோக்கி 9 ஜி (அதாவது சொந்த எடையைப் போல 9 மடங்கு), மேல்நோக்கி 3 ஜி, பக்கவாட்டில் 1.5 ஜி விசையை இருக்கை அமைப்பு தாங்க வேண்டும் என்பது அந்த விதி. ஓர் ஆள் 170 பவுண்டு என்று வைத்தால் இருவருக்கு 340. ஒன்பதால் பெருக்கினால் 3,060 பவுண்டு. சிஏஆர் 3க்குப் பின்னால் வந்த, பகுதி 23 எனப்படும் அமெரிக்கச் சிறு விமானச் சான்று விதிகள் சீட், பெல்ட் பிணைப்புகளுக்கு 1.33 என்ற கூடுதல் காரணியைச் சேர்த்தன. அதையும் போட்டால் 4,070 பவுண்டுக்குப் பக்கத்தில் வருகிறது. பெஞ்சின் சொந்த எடை இதில் சேரவில்லை.

இந்த விசை தரை மட்டத்தில் நேராக இழுப்பதில்லை. ஆளின் இடுப்பு உயரத்தில், தரைக்கு மேலே இழுக்கிறது. அதனால் பெஞ்ச் முன்னோக்கிக் குப்புறக் கவிழப் பார்க்கும். முன் கால்கள் தரையை அழுத்தும், பின் போல்ட்டுகள் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும். மெல்லிய அலுமினியத் தகட்டுத் தரையில் பின் போல்ட் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதை விமானத்தை வடிவமைத்தவர்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அந்த இடத்துக்கு அடியில் வலுவூட்டல் இருக்கிறது. மூன்று அங்குலம் தள்ளினால் இருக்காது.

சீட்டைப் பின்னால் தள்ளுவதை மறுத்ததற்கு இதுதான் காரணம். ஈர்ப்பு மையம் கெட்டுப்போகும் என்பதற்காக மறுத்தோம் என்று உரிமையாளர் முதலில் நினைத்தார். கணக்குப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. 340 பவுண்டு மூன்று அங்குலம் நகர்ந்தால் திருப்புத்திறன் 1,020 பவுண்டு-அங்குலம் கூடும். 2,300 பவுண்டு விமானத்தில் ஈர்ப்பு மையம் 0.44 அங்குலம்தான் பின்னால் போகும். நான்கு பேர் உட்கார்ந்த சாதாரணப் பயணத்தில் அது எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆனால் தரையில் புதுத் துளை போட வேண்டும், அதற்கு அடியில் வலுவூட்ட வேண்டும், கையேட்டில் ஃபயர்வாலிலிருந்து (என்ஜினுக்கும் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவர்) பின் சீட்டின் தூரம் 73 அங்குலம் என்று அச்சிட்டிருப்பதை மாற்ற வேண்டும், 82வது அங்குலத்தில் தொடங்கும் சாமான் பகுதியின் இடத்தையும் தின்ன வேண்டும். அது பெரிய மாற்றம். அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் தரவு வேண்டும், பெரிய மாற்றங்களைப் பதிவுசெய்யும் 337ஆம் எண் படிவம் வேண்டும். முழங்காலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்க இவ்வளவும் தேவையா என்று கேட்டதும் அவரே விட்டுவிட்டார். புதிய ஃபோமின் முன் விளிம்பைக் கொஞ்சம் சரிவாக வெட்டியதில் தொடைக்குச் சௌகரியம் கிடைத்தது. முழங்கால் இடம் முன்பு போலவேதான்.

பெஞ்சை இரண்டாகப் பிரிப்பதற்கான மறுப்பு இன்னும் எளிது. பக்கிள்கள் இரண்டும் சட்டத்தின் நடுவில் இருக்கின்றன. வெட்டு விழ வேண்டிய இடமும் அதுவே. வெட்டிய பிறகு ஒவ்வொரு பாதிக்கும் உள்பக்கத்தில் புதுக் கால், புதுப் பிணைப்பு, புது பெல்ட் பிடிப்பு எல்லாம் வேண்டும். உறை தைப்பவர் ஒருவர் "குழாயை அறுத்து ஒரு கீல் வச்சுப் பத்தவச்சிடலாம்" என்று ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தார். காரில் ஒருவேளை அது நடக்கும். இங்கே அந்தக் குழாய்தான் ஒரு பிள்ளையின் உயிரைத் தாங்கும் குழாய். வெல்டிங் வெப்பத்தில் குழாயின் வலு எவ்வளவு குறையும் என்பதற்குக் கையில் ஒரு தாளும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாராக இல்லை.

பிரித்த பின் சீட் தேவைப்படுவோருக்கு வழி இல்லாமல் இல்லை. அந்த மாடலுக்கென்று துணை வகைச் சான்று (மூல வடிவமைப்பில் செய்யும் மாற்றத்துக்கான அதிகாரபூர்வ ஒப்புதல்) பெற்ற சீட் கிடைத்தால் வாங்கலாம். சான்றோடு வரும் வரைபடமும் நிபந்தனைகளும் விமானத்தோடு கடைசிவரை இருக்கும். பிற்கால 172ஆர் மாடலின் சீட்டை வாங்கிப் போடலாமா என்றும் கேட்டார். அந்தச் சீட்டுகள் மோதல் சோதனைக்கு உட்பட்டவை, உண்மைதான். ஆனால் சோதனை சீட்டையும் அது பிடித்திருக்கும் விதத்தையும் சேர்த்தே நடத்தப்பட்டது. பழைய தரையில் கொண்டுவந்து மாட்டினால் அந்தச் சோதனைத் தேர்ச்சி கூடவே வந்துவிடாது.

கவிழ்த்த பெஞ்சில் வேறொன்றும் கண்ணில் பட்டது. பின் காலும் குறுக்குக் குழாயும் சேரும் இடத்தில், வெல்டின் ஓரமாக, பெயின்ட் ஒரு மயிரிழைக் கோடாக வெடித்திருந்தது. பெயின்ட் மட்டுமா, உலோகமுமா? கண்ணால் சொல்ல முடியாது. பெயின்ட்டை நீக்கி, சாய ஊடுருவல் சோதனை செய்தோம். சிவப்புச் சாயத்தைத் தடவி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால் விரிசலுக்குள் புகுந்த சாயம் மெல்ல வெளியே கசிந்து கோடாகத் தெரியும். இங்கே கால் அங்குலத்துக்குச் சற்றே குறைவாக ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. பழைய ஃபோமும் உறையும் அந்த இடத்தை முழுதாக மூடியிருந்தன. உறை மாற்றும் ஆசை வராமல் இருந்தால் இன்னும் பல ஆண்டுகள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டத்தை அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பு நிலையத்துக்கு அனுப்பிச் சரிசெய்து, ஆவணத்தோடு திரும்பப் பெற்றோம்.

பெஞ்ச் இருந்த இடத்தில் தரை விரிப்பைத் தூக்கியதும் இன்னொன்று. விரிப்பைப் பிடிக்க யாரோ ஒருவர் மூலப் பாகத்தைவிட நீளமான ஸ்க்ரூ ஒன்றை முடுக்கியிருந்தார். இந்தத் தரைக்கு அடியில்தான், வாலில் உள்ள எலிவேட்டர், ரடர் என்ற கட்டுப்பாட்டுப் பலகைகளை இயக்கும் கேபிள்கள் பின்னால் போகின்றன. பார்வைத் தட்டைத் திறந்து பார்த்தபோது ஸ்க்ரூவின் முனைக்கும் கேபிளுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தது, அதனால் எதுவும் உரசவில்லை. இருந்தாலும் பின் சீட் வேலை செய்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. பெஞ்சைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அதே நீளம், அதே ரக போல்ட்தான் திரும்பிப் போக வேண்டும். "கையில் கிடைத்தது" போகக்கூடாது. இந்த விமானத்துக்காக ஒரு சிறு பையில் போல்ட், வாஷர் எல்லாம் போட்டு, பாக எண்ணை எழுதிப் பெஞ்சோடு கட்டிவிட்டோம்.

இனி ஃபோம். மென்மையாக, தடிமனாக வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். விமானம் கீழ்நோக்கி மோதும்போது மென்மையான ஃபோம் ஆளுக்கு எதிராக வேலை செய்யும். சீட்டின் அடிப்பகுதி சட்டென்று நின்றுவிடுகிறது. உடல் ஃபோமை நசுக்கியபடி இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. ஃபோம் முழுதாக நசுங்கியதும் உடல் கெட்டியான தட்டில் போய் அடிக்கும். ஃபோமே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் வாங்கும் அடியைவிட இது பலமாகவும் இருக்கக்கூடும், அது முதுகெலும்பில் இறங்கும். 1988இல் பகுதி 23இல் சேர்ந்த சோதனை விதிகள் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையே 1,500 பவுண்டுக்கு மேல் பாரம் வரக்கூடாது என்று எல்லை வைத்தது இதை மனத்தில் கொண்டே. இந்தப் பழைய பெஞ்சுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் எலும்பு அதே எலும்புதான். அதனால் மெதுவாக மீளும், ஆற்றலை உறிஞ்சும் ஃபோமை அடியிலும், உட்காரும் சுகத்துக்கு மெல்லிய ஒரு அடுக்கை மேலேயும் வைத்தோம். மொத்த உயரம் பழைய அளவே. உயரம் கூடினால் பெல்ட் இடுப்பில் உட்காரும் கோணமும் மாறிவிடும்.

துணி விஷயத்தில் தகராறு வந்தது. உரிமையாளர் வாங்கி வந்திருந்தது கார் சீட்டுக்கான அழகான செயற்கைத் தோல். தீச்சோதனைச் சான்று இல்லை. விமான அறைக்குள் போகும் துணி, ஃபோம் இரண்டுக்கும் தீ பரவுவதை எதிர்க்கும் தன்மை இருக்கிறதென்று காட்ட வேண்டும். பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். 172இல் பின்னால் கதவு கிடையாது. முன் கதவுகள் இரண்டு வழியாகத்தான் நான்கு பேரும் வெளியேற வேண்டும், அதுவும் முன்னால் உள்ளவர்கள் நகர்ந்த பிறகு. பின் சீட்டில் இருப்பவர்களுக்குப் புகையில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இதைச் சொன்னதும் அவர் அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். சோதனைச் சான்றும் தொகுதி எண்ணும் உள்ள துணியையே போட்டோம். துணி, ஃபோம், ஒட்டும் பசை மூன்றையும் சேர்த்து ஒட்டிய மாதிரித் துண்டுக்கும் சான்று வாங்கினோம். தனித்தனியே தேறும் பொருட்கள் சேர்ந்த பிறகு தேறாமல் போகலாம்.

இப்போது அவர் கேட்காத அந்த ஒன்று. இந்த விமானத்தில் பின்னால் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருந்தது, தோள் வார் இல்லை. சட்டப்படி குறையில்லை. அமெரிக்க விதியில் சிறு விமானங்களின் எல்லா இருக்கைகளுக்கும் தோள் வார் கட்டாயமானது 1986 டிசம்பர் 12க்குப் பிறகு தயாரானவற்றுக்குத்தான். முன் சீட்டுகளுக்கு அந்தத் தேதி 1978 ஜூலை 18. அதனால் இன்றும் பறக்கும் ஏராளமான பழைய விமானங்களில் பின்னால் இருப்பவர்கள் இடுப்பு பெல்ட்டை மட்டும் நம்பிப் பறக்கிறார்கள். மோதும்போது உடல் இடுப்பில் மடங்கி, தலை முன் சீட்டின் முதுகில் போய் இடிக்கும். அந்த இடத்தில் பெரும்பாலும் பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இந்த மாடலுக்குப் பின் சீட் தோள் வாரைத் தயாரிப்பாளரே அந்நாளில் விருப்ப உபகரணமாகக் கொடுத்திருந்தார். ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பாகப் பட்டியலில் உள்ள வாரையும் பிடிப்பையும் தருவித்து, அவர்கள் குறித்த இடத்திலேயே மாட்டினோம். மேல் பிடிப்பு தோளைவிடத் தாழ்வாக இருக்கக்கூடாது. தாழ்ந்தால் வார் தோளைக் கீழே இழுத்து முதுகெலும்பை அழுத்தும். பாரக் கணக்கில், மொத்த விசையில் 60 விழுக்காடு இடுப்பு பெல்ட்டுக்கும் 40 விழுக்காடு தோள் வாருக்கும் என்று பிரிப்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டுதலில் உள்ள வழக்கம். 170 பவுண்டு ஆளுக்கு 9 ஜியில் 1,530. அதில் வாரின் பங்கு 612 பவுண்டு. ஜன்னல் ஓர அலங்காரப் பட்டியில் ஒரு கொக்கியைத் திருகி இந்தப் பாரத்தைத் தாங்கவைக்க முடியாது என்பது எண்ணைப் பார்த்தாலே தெரியும். கட்டமைப்பில் துளையோ வெல்டிங்கோ இல்லாத இத்தகைய சேர்ப்பை அந்த நிர்வாகம் சிறு மாற்றமாக ஏற்கிறது. லாக் புத்தகத்தில் ஒரு பதிவோடு வேலை முடிந்தது.

கடைசியாக எடைக் கணக்கு. பழைய பெஞ்ச் 23 பவுண்டு, புதிய ஃபோம், உறையோடு 26. தோள் வார்கள் 2 பவுண்டு. வெற்று எடை 1,470இலிருந்து 1,475 ஆனது. தூரங்களை ஃபயர்வாலிலிருந்து அளப்பது இந்த மாடலின் வழக்கம். அந்தக் கணக்கில் வெற்று ஈர்ப்பு மையம் 39.8 அங்குலம். பெஞ்சைக் கழற்றினால் 1,449 பவுண்டு, 39.1 அங்குலம். இரண்டு நிலைக்கும் தனித்தனி எடைத் தாள் தயாரித்தோம். 'ஏ' பெஞ்சோடு, 'பி' பெஞ்ச் இல்லாமல். எதில் பறக்கிறாரோ அந்தத் தாள் மேலே இருக்க வேண்டும்.

'ஏ' நிலையில் முன்னால் 340 பவுண்டு, பின்னால் 340 பவுண்டு ஏற்றினால் பெட்ரோலுக்கு 145 பவுண்டு, அதாவது சுமார் 24 கேலன்தான் மிச்சம். ஈர்ப்பு மையம் 44.8. பின் எல்லை 47.3 அங்குலம், ஆகவே பிரச்சினை இல்லை. நான்கு சீட் இருப்பதால் நான்கு பெரியவர்களோடு டாங்கியையும் நிரப்பலாம் என்று அர்த்தமில்லை, அவ்வளவுதான்.

சிக்கல் வருவது இன்னொரு விதத்தில். முன்னால் 150 பவுண்டு விமானி மட்டும், பின்னால் இருவர் சேர்ந்து 400, சாமான் பகுதியில் முழு அளவான 120, பெட்ரோல் 100. மொத்தம் 2,245 பவுண்டு, எல்லையைவிட 55 குறைவு. எடையை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாகப் புறப்பட்டுவிடுவார். ஆனால் ஈர்ப்பு மையம் 48.8 அங்குலத்தில் நிற்கிறது, எல்லைக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பின்னால். அந்த விமானத்தில் மூக்கு லேசாக மேலே எழும், ஸ்டால் ஏற்பட்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தால், மூக்கை இறக்குவது கடினமாகும், சுழலில் விழுந்தால் மீளாமலும் போகலாம். இருவரில் ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்தாலே மையம் எல்லைக்குள் வந்துவிடும். இந்த உதாரணத்தை உரிமையாளரின் கையாலேயே தாளில் போட்டுப் பார்க்கச் சொன்னோம்.

'பி' நிலையில் தனி விமானி, நிறைந்த டாங்கி, பெஞ்ச் இருந்த இடத்தில் 200 பவுண்டு சரக்கு என்றால் ஈர்ப்பு மையம் 43.3, சௌகரியமான இடம். ஆனால் சரக்குக்கும் அதே 9 ஜிதான். 100 பவுண்டுப் பெட்டி மோதலில் 900 பவுண்டாக விமானியின் முதுகை நோக்கி வரும். சைக்கிளை ஒரு ரப்பர் கயிற்றால் கட்டி வைக்கும் பழக்கத்தை அவர் விட வேண்டியிருந்தது. பெஞ்சின் பிணைப்புப் புள்ளிகளிலும் தரையிலுள்ள வளையங்களிலும் மாட்டும், பாரம் குறிக்கப்பட்ட பட்டைகளும் ஒரு வலையும் இப்போது இருக்கின்றன. பெட்டி தரையில் ஒரு புள்ளியில் குத்தாமல் இருக்க மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றும் வெட்டிக் கொடுத்தோம். அதன் எடை 'பி' தாளில் சரக்காகவே சேர வேண்டும், பலர் மறப்பது இதைத்தான்.

அப்புறம் ஒன்று. பெஞ்சைக் கதவு வழியாக எடுக்க முன் சீட்டுகளை முழுதாக முன்னே பின்னே தள்ள வேண்டியிருக்கிறது. செஸ்னா முன் சீட்டின் தண்டவாளமும் பூட்டு ஊசியும் தேய்ந்து, புறப்படும்போது சீட் விமானியோடு பின்னால் வழுக்கிய விபத்துகள் நடந்ததால்தான் 87-20-03 என்ற பறக்கும் தகுதி ஆணை (கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) வந்தது. பின்பு 2011-10-09 அதன் இடத்தைப் பிடித்தது. இந்த விமானத்தில் பெஞ்ச் அடிக்கடி உள்ளே வெளியே போகப் போவதால், முன் சீட் ஊசி துளைக்குள் முழுதாக இறங்கியதா என்று கையால் ஆட்டிப் பார்ப்பதைக் கழற்றி மாட்டும் பட்டியலின் கடைசி வரியாகச் சேர்த்தோம்.

விமானம் இரண்டு நிலையிலும் எடை பார்த்து, பதிவுகள் முடித்துக் கொடுக்கப்பட்டது. ஆண்டுச் சோதனைகளில் பெஞ்சை வெளியே எடுத்து, சரிசெய்த வெல்டை உறை நீக்கிப் பார்க்க வேண்டும் என்று லாக் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம். அதற்காக உறையின் அந்த மூலை மட்டும் தைக்கப்படாமல், ஒட்டிப் பிரிக்கும் பட்டையோடு விடப்பட்டிருக்கிறது.